எட்டுப் பேர் உட்காரும் வண்டி

நான் நான்காம் வகுப்பு முடித்த கோடையில் அப்பா ஒரு வேன் வாங்கினார். புதிதல்ல. அப்பாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே சாலையில் ஓடத் தொடங்கிவிட்ட வண்டி. மூக்கு கிடையாது. உருண்டை முகத்தில் இரண்டு பெரிய விளக்குகள், நடுவே பல்வரிசை மாதிரி ஒரு கம்பித் தடுப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் வயதான ஒருவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிப்பதுபோல இருக்கும். அதுவரை எங்கள் தெருவில் நான்கு சக்கரம் வைத்த சொந்த வண்டி என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஐஸ் பெட்டி வைத்துத் தள்ளுகிற வண்டி.

"எதுக்குப்பா ஒனக்கு வேனு?" என்று தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா ஒரே பதிலைத்தான் சொன்னார். "புள்ளைங்கள நாலு ஊரு இட்டுனு போய் காட்ட வாணாமா?"

அது பொய்யில்லை. ஆனால் அந்த வேன் எங்கள் வீட்டுக்கு வந்த வழி கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் தொடங்குகிறது. அது எனக்கு அப்போதே தெரியும். அந்த இடத்தில் நானும் இருந்தேன் என்பது மட்டும் வேறு யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு காசிமேட்டில். விசைப்படகை ஓட்டுகிறவரை அங்கே டிரைவர் என்பார்கள். அப்பா போட் டிரைவர். அதே போட்டில் சித்தப்பா எஞ்சின் பார்ப்பவர். ஒருவர் மேலே நின்று திசை சொல்வார், மற்றவர் கீழே நின்று திட்டு வாங்குவார். இருவருக்கும் மூத்தவள் அத்தை. மாமா இறந்த பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். விடிகாலை ஏலத்தில் மீன் எடுத்து, அலுமினிய அன்னக்கூடையைத் தலையில் வைத்து, வியாசர்பாடித் தெருக்களில் கூவி விற்றுவிட்டு மத்தியானத்துக்கு மேல் திரும்புவாள். திரும்பும்போது முந்தானை முடிச்சில் எனக்கு ஒரு பொட்டலம் வறுத்த பட்டாணி இருக்கும். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதுவும் கொருக்குப்பேட்டைக்கு அந்தப் பக்கம், டை கட்டிக்கொண்டு போகிற இங்கிலீஷ் மீடியம். என்னைச் சேர்க்கச் சொல்லி அப்பாவிடம் பிடிவாதம் பிடித்தவளே அத்தைதான் என்று அம்மா சொல்வாள். நான் வீட்டுப்பாடம் எழுதும்போது அத்தை எதிரே வந்து குந்துவாள். நோட்டைத் தொடமாட்டாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பாள்.

அந்த வருடம் பங்குனி வெயில் மோசம். ஒரு நாள் பள்ளி விட்டு நானும் என் வகுப்புப் பையன் ஒருவனும் பேருந்தில் வந்துகொண்டிருந்தோம். எனக்கு ஜன்னலோர இருக்கை. கொருக்குப்பேட்டை கேட்டில் வண்டி நின்றது. அந்தக் கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று கேட்டைப் போட்டவருக்கே தெரியாது. சரக்கு ரயில் வரும், நடுவில் நிற்கும், யோசிக்கும், பிறகு நகரும். பேருந்துக்குள் ஒரு பொட்டுக் காற்றில்லை. அப்போதுதான் பின்பக்கத்திலிருந்து அந்த வாசனை வந்தது. எனக்கு அது பழகிய வாசனை. எங்கள் வீட்டுத் தலையணையில் இருக்கும் வாசனை.

"ச்சே, கலீஜ்டா" என்றான் பக்கத்துப் பையன், டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது, குரலும் வந்துவிட்டது.

"யம்மா, கூடைய எட்த்துகினு எறங்கு. பின்னாடி ஆட்டோ எதுனா வரும்" என்றார் கண்டக்டர்.

"காலிக் கூடைப்பா. கழுவிக் கவுத்துகினு வர்றேன்." அத்தையின் குரல்.

"கழுவுனா போவுதா? சனம் மூச்சு வுட முடியாம குந்திகினு கீது பாரு."

"டிக்கெட்டு வாங்கிகீறேன்பா. கால்ல கண்ணாடி குத்திகீது, இல்லாங்காட்டி நட்ந்தே போயிருப்பேன்."

"காசக் குட்த்துர்றேன், எறங்குமே. பேஜாரு பண்ணாத."

யாரோ சிரித்தார்கள். யாரோ "ஏத்தறதே தப்பு" என்றார்கள். ஒருவர் மட்டும், "கேட்டு தொறந்துடும்பா, வுடு" என்றார். அவர் பேச்சை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பேருந்தில் எல்லோரும் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சரக்கு ரயில் நகர ஆரம்பித்திருந்தது. பெட்டிகளை எண்ணினேன். வாய்விட்டு, இங்கிலீஷில் எண்ணினேன். இருபதைத் தாண்டும்போது என் ஜன்னலுக்குக் கீழே ஒரு அன்னக்கூடையின் விளிம்பு போனது. அதன் பக்கத்தில் நரைத்த ஒரு கொண்டை. கொஞ்சம் நொண்டிக்கொண்டு போனது. தலை நிமிரவே இல்லை. நிமிராததால் என்னைப் பார்த்திருக்க முடியாது என்று முடிவு செய்துகொண்டு, எண்ணுவதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

சாயங்காலம் அத்தை வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, பட்டாணிப் பொட்டலத்தை எடுத்து, எப்போதும்போல என் சட்டைப் பையில் போட்டாள். பிறகு சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அன்றைய கதையைச் சொன்னாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே பேசியதை நடித்துக் காட்டினாள். துண்டால் மூக்கைப் பொத்திய பெரியவர், ஒரு சீட்டுத் தள்ளி உட்காருகிறேன் என்று கம்பியில் இடித்துக்கொண்ட பூ விற்கும் அம்மா, "வுடுப்பா" என்று சொன்ன நல்ல மனுசன் என்று ஒருவரையும் விடவில்லை. அம்மாவும் சித்தப்பாவும் சோற்றை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் கதையில் எல்லோரும் வந்தார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மட்டும் வரவில்லை. தப்பித்தேன் என்று நானும் கடைசியில் சேர்ந்து சிரித்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்தவர், "யக்கா, கால்ல மருந்து போட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த மாதம் தடைக்காலம் தொடங்கியது. மீன் குஞ்சு பொரிக்கிற பருவத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்ற சட்டம் வந்து அப்போது ஓரிரு வருடம்தான் ஆகியிருந்தது. ஒன்றரை மாதம் ஆண்கள் எல்லோரும் கரையில். அத்தை மாதிரிக் கூடைக்காரிகளுக்கு மட்டும் கட்டுமரத்து மீன் கொஞ்சம் கிடைக்கும். போட்டை ஏற்றிவைத்துச் சுரண்டுவார்கள், பலகை மாற்றுவார்கள், எண்ணெய் அடிப்பார்கள். மீதி நேரம் சீட்டாடுவார்கள், அதற்கும் மீதி நேரம் வீட்டில் சண்டை போடுவார்கள். அந்த வருடம் அப்பா சீட்டாடப் போகவில்லை. சித்தப்பாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு திருவொற்றியூருக்குப் போனார்.

எண்ணூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மெக்கானிக் ஷெட். அங்கேதான் அந்த வேன் ஒரு வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. மூடிப்போன ஏதோ ஒரு தொழிற்சாலையின் அதிகாரிகளை ஏற்றி இறக்கிய வண்டி. பக்கவாட்டில் கம்பெனியின் பேரை அழித்து மேலே நீலம் அடித்திருந்தார்கள். நீலத்துக்குக் கீழே அந்த எழுத்துகள் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தன.

அப்பா வண்டியைச் சுற்றி வந்து விரல் முட்டியால் தட்டினார். ஒரு சாண் தள்ளி மறுபடி தட்டிக் காதை வைத்துக் கேட்டார். பழைய போட்டு வாங்கும்போது உளுத்த பலகையை அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். ஷெட்டுக்காரரைச் சித்தப்பா பாய் என்று கூப்பிட்டார். அவர் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தார்.

"இன்னா தலைவரே, தட்டினா உள்ளேர்ந்து யாருனா கதவத் தொறப்பாங்களா?"

"கட்ட நல்லாகீதான்னு பாக்குறேன் பாய்."

"இதுல ஏது கட்ட? மொத்தமும் இரும்பு. இப்ப வர்றதெல்லாம் பிஸ்கட் டப்பா. இது நெஞ்ச நிமித்திகினு நிக்கும்."

"எஞ்சின் எத்தினி மணி நேரம் ஓடிகீது?"

"மணி நேரமா? அய்ய, இது போட்டு இல்ல தலைவரே. கிலோமீட்டர் கேளு."

அதைக் கேட்டால் என்ன பதில் வந்தாலும் அப்பாவுக்குப் புரிந்திருக்காது. அவர் கதவைத் திறந்து உள்ளே ஏறினார். பாய் சொன்னது சரிதான், வண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றது. பாதம்தான் இல்லை. அப்பாவின் வலது கால் துருப்பிடித்த தரையைப் பொத்துக்கொண்டு முழங்கால் வரை கீழே இறங்கி, ஷெட்டின் மண்ணில் போய் நின்றது.

சித்தப்பா குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். "அண்ணே, கால் தரைல பட்டுடுச்சி. நங்கூரம் போட்டாச்சு. இனிமே இந்த வண்டிய வுட்டுட்டுப் போவ முடியாது."

அந்தக் கால்தான் விலையையும் இறக்கியது. பாய் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வந்தார். அப்பா அதை வாங்கி, ஒரு முறை பிரித்து மூடி, என்னிடம் நீட்டினார். "படிப்பா" என்றார். டா இல்லை, பா. ஷெட்டில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுத்துக் கூட்டி, நிறம், வருடம், எஞ்சின் எண் என்று ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொன்னேன். கடைசியில், "உட்கார எட்டுப் பேர்" என்றேன்.

அப்பா விரலை மடக்கினார். "அக்கா ஒண்ணு. ஒங்க அம்மா, நீ, பாப்பா. நான், இவன்."

"ஆறு. இன்னும் ரெண்டு கீது" என்றார் சித்தப்பா.

"ஒண்ணு ஒனக்கு வரப்போறவளுக்கு."

"இன்னொண்ணு?"

"அவ ஆத்தாளுக்கு."

"அப்ப வண்டியே வாணாம் பாய், வச்சிக்க" என்று சித்தப்பா புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கினார்.

அப்பா முதல் விரலை யாருக்காக மடக்கினார் என்பதை நான் கவனித்தேன். கவனித்து, உள்ளுக்குள் கொஞ்சம் சுருங்கினேன்.

வண்டி எங்கள் சந்துக்குள் நுழையாது. போட்டுகளை ஏற்றிவைத்திருக்கும் இடத்தில், எங்கள் போட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்கள். துருத்தரையைச் சித்தப்பா முழுக்க வெட்டி எடுத்தார். தகரம் வாங்கிப் பற்றவைக்கலாம் என்று பாய் சொல்லி அனுப்பியிருந்தார். சித்தப்பாவுக்கு அதில் நம்பிக்கையில்லை. போட்டுக்கு மாற்றியதில் மிஞ்சிய பலகைகளை இழைத்து, வேனுக்கு மரத் தரை போட்டார். இடுக்குகளில் பஞ்சைத் திரித்து வைத்து உளியால் அடித்து அடைத்தார். "மழ வந்து ரோடு முழுகினாலும் இது மெதக்கும்" என்று வேடிக்கை பார்த்தவர்களிடம் சொன்னார். தடைக்காலத்தில் வேடிக்கை பார்ப்பவர்களுக்கா பஞ்சம்.

எங்கே போவது என்ற கேள்விக்கு நான்தான் பதில் சொன்னேன். மலை. நான் மலை பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் உயரமானது எண்ணூரில் புகைவிடும் புகைபோக்கிதான். திருத்தணி என்று அப்பா முடிவு செய்தார். முருகனையும் பார்த்ததாகும், தங்கச்சிப் பாப்பாவுக்கு மொட்டையும் போட்டதாகும். எல்லோரும் சந்தோஷமாக இருந்தபோது அத்தை, "நீங்க போய்ட்டு வாங்க. நான் வூட்டப் பாத்துக்கிறேன்" என்றாள்.

அப்பா முதலில் விளையாட்டு என்று நினைத்தார். பிறகு கெஞ்சினார். பிறகு கத்தினார். "நீ வராத வண்டி எனக்கு இன்னாத்துக்கு யக்கா? கொண்டுபோய் பாயாண்ட வுட்டுட்டு வந்துடவா?"

"கோயிலுக்குப் போற வண்டிடா. புது வண்டி. முப்பது வர்சமா கூடை தூக்குறவ நான், எத்தினி சோப்பு போட்டாலும் போவாது. ஏறுனா எறங்குற வரைக்கும் மூடுன வண்டிக்குள்ள அதான் அடிக்கும். போங்கடா நல்லபடியா."

"யாருக்கு அடிக்கும்? எனக்கா? நான் இன்னா சென்ட்டு கம்பெனிலயா வேல செய்றேன்?"

அம்மாவும் சொல்லிப் பார்த்தாள். "நீங்க வரலன்னா நானும் வரல யக்கா" என்றாள். அத்தை அசையவில்லை. நான்கு நாள் இப்படியே போனது. அப்பா வீட்டில் பேசுவதையே குறைத்துக்கொண்டார். வண்டி சாவியை ஆணியில் மாட்டிவிட்டு அந்தப் பக்கமே பார்க்காமல் இருந்தார்.

எனக்கு எதுவும் புரியவில்லை. பேருந்தில் என்னைப் பார்த்திருந்தால் கோபத்தில் வர மறுக்கிறாள் என்று சொல்லலாம். ஆனால் கோபம் இருந்தால் பட்டாணி வருமா? வந்தது. தினமும் வந்தது. ஆக, பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றால் ஏன் வரமாட்டேன் என்கிறாள்? இந்தக் கணக்கை நான் எத்தனை முறை போட்டாலும் மீதி வந்தது.

ஒரு நாள் மத்தியானம் அத்தை போட்டுகள் பக்கமிருந்த குழாயடியில் கூடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா சற்றுத் தள்ளி வேனுக்குள் கடைசிப் பலகையை அடித்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அத்தே, நீயும் வா."

"நான் எதுக்கு நைனா? நீ போய் பாத்துட்டு வந்து சொல்லு, மலை எம்மாம் ஒசரம்னு. நீ சொன்னா நான் பாத்த மாரிதான்."

"ஒனக்குதானே வாங்குனாரு அப்பா."

அவள் கூடையைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினாள். "நீங்கல்லாம் ஷோக்கா துணி போட்டுகினு குந்திகினு போவசொல்ல, நடுவுல நான் நாறிகினு வர்றதா? அங்க பெரிய மன்சங்க புள்ளைங்கல்லாம் வரும். ஒங்கூடப் படிக்கிற பசங்ககூட வரும். நல்லாருக்காது நைனா."

வேனுக்குள் சுத்தியல் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் நின்றே இருந்தது. பிறகு மறுபடி கேட்டது.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அன்று வாயில் வந்தது, "எங்கூடப் படிக்கிறவன் எவனும் வரமாட்டான் அத்தே" என்பதுதான். அத்தை கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்து, ஈரக்கையால் என் கன்னத்தைத் தொட வந்து, தொடாமல், முழங்கையால் என்னைத் தள்ளிவிட்டாள்.

போகிற தேதி நெருங்கியது. அத்தை வந்தாலும் வராவிட்டாலும் மொட்டை என்று சாமிக்குச் சொல்லிவிட்டதை மாற்ற முடியாது என்றாள் அம்மா. மூன்று நாள் வீட்டில் கவிச்சி இல்லை. சட்டி பானைகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். போர்வை முதல் கால்மிதி வரை துவைத்தாள். காசிமேட்டில் மூன்று நாள் மீன் வாசனை இல்லாத வீடு என்று ஒன்று இருந்தது என்றால் அது எங்கள் வீடாகத்தான் இருக்கும். ஜன்னலை மூடிவைத்து அதைச் சாதித்தாள்.

புறப்படும் நாள் விடிந்தும் விடியாத நேரம். எல்லோரும் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, அம்மா மல்லிகைப் பூவும் எலுமிச்சைச் சோற்றுத் தூக்கும், நான் பள்ளிக்கூட ஷூவும் தங்கச்சி பாவாடையுமாகப் போட்டுகள் பக்கம் போனோம். வேனைச் சுற்றித் தெருவின் மொத்தப் பூனைகளும் உட்கார்ந்திருந்தன. அடியில் ஆறேழு. கூரைமேல் இரண்டு. ஒரு கிழட்டுக் கடுவன் முன் கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தது.

அப்பா கதவைத் திறந்தார். திறந்த வேகத்தில் இரண்டடி பின்னால் வந்தார்.

சுறா ஈரல் எண்ணெய். போட்டுப் பலகை உப்புத் தண்ணீரில் உளுத்துப்போகாமல் இருக்க அடிப்பார்களே, அந்த எண்ணெய். பெயின்ட் வந்த பிறகு அதைப் பாதிப் பேர் விட்டுவிட்டார்கள், சித்தப்பா விடவில்லை. முந்தின சாயங்காலம் மரத் தரை முழுக்க, மூலை முடுக்கு விடாமல், இரண்டு கை எண்ணெய் அடித்து, கதவையும் ஜன்னலையும் இறுக்க மூடிவிட்டுப் போயிருந்தார்.

அம்மா தூக்கைக் கீழே வைத்துவிட்டாள். "மூணு நாளா ஒரு நெத்திலிய வூட்டுக்குள்ள வுடல நானு. பாவி, கப்பலு மாரி ஒரு சொறாவையே கரைச்சி ஊத்தி வச்சிருக்கியே."

"இன்னாடா பண்ணி வச்சிகீற?" என்றார் அப்பா.

"மரம்ணே. எண்ணெ வைக்கலன்னா மழைக்கு ஊறிடும்" என்றார் சித்தப்பா, ஒன்றும் அறியாதவர் முகத்தோடு.

"வைகாசி வெயில்ல இன்னாடா மழ?"

சண்டையின் சத்தம் கேட்டு அத்தை வந்தாள். வழியனுப்ப வருவதா வேண்டாமா என்று அதுவரை வீட்டு வாசலிலேயே நின்றிருந்தவள். வேனுக்குப் பத்தடி தூரத்திலேயே நின்று, மூக்கை உயர்த்தினாள். "சொறா ஈரலு" என்றாள். மறுபடி மோந்து, "அதுவும் போன வர்சத்து எண்ணெ" என்றாள்.

"அக்கா மூக்கு அக்கா மூக்குதான்" என்று சித்தப்பா அவளிடம் போனார். "வா யக்கா. வந்து ஏறு. இப்ப இந்த வண்டில கம்மியா நாறுற ஆளு நீதான்."

அத்தை அவரையே பார்த்தாள். முதலில் உதடு கோணியது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு கவிழ்ந்திருந்த ஒரு படகின்மேல் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. அப்பா கடைசியில் சிரித்தார். பேருந்துக் கதை சொன்ன நாளில் சிரிக்காமல் வைத்திருந்ததையும் சேர்த்துச் சிரித்தார் என்று நினைக்கிறேன். அத்தை வீட்டுக்கு ஓடி, பெட்டியிலிருந்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, கொண்டையைச் சரிசெய்துகொண்டே திரும்பி வந்தாள். அதற்குள் சித்தப்பா நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துமுடித்திருந்தார். ஒவ்வொன்றையும் ஒரு பூனை மோந்து பார்த்துவிட்டு ஏமாந்து போனது.

போட்டுக்கு எண்ணெய் அடித்தால் பத்து நாளாவது வெயிலில் திறந்து காயவிட வேண்டும். எங்கள் தெருவில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும் அன்று நான் சித்தப்பாவைப் படிக்காத முட்டாள் என்றுதான் நினைத்தேன். ஷூவில் ஒட்டிய எண்ணெயைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து, கைக்குட்டையையும் கெடுத்துக்கொண்டேன்.

வண்டி கிளம்பியது. சித்தப்பா ஓட்டினார். முன்னொரு காலத்தில் ஐஸ் லாரி ஓட்டியவர். அப்பா பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, கடலில் போலவே ஆணையிட்டார்.

"முன்னாடி லாரி. கரைப் பக்கமா ஒடி."

"அண்ணே, இங்க ரெண்டு பக்கமும் கரைதான்."

அம்மா பின் இருக்கையில் தூக்குகளோடு இருந்தாள். நடு இருக்கையில் தங்கச்சி, நான், அத்தை. ஏறும்போதே சித்தப்பா, "யக்காவுக்கு ஜன்னலு" என்று சொல்லி அவளை ஓரத்தில் உட்காரவைத்திருந்தார். முதலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தாள், யாரோ வந்து எழுப்பப்போகிறார்கள் என்பதுபோல. ஊரைத் தாண்டிச் சாலை அகலமானதும் பிடியைத் தளர்த்தினாள். காற்றில் கொண்டை கலைந்து நரைமுடி முகத்தில் விழுந்தது. ஒதுக்கிவிடவில்லை.

திருவள்ளூருக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். சித்தப்பா ஓரம் கட்டினார். அப்பா ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, நான் படித்துச் சொல்வதற்காக, என்னிடம் நீட்டினார். போலீஸ்காரர் ஜன்னலுக்குள் தலையை விட்டார். விட்ட தலையை உடனே வெளியே எடுத்தார். "போ, போ, போய்க்கினே இரு" என்று கையை ஆட்டினார்.

"இம்மாம் சுளுவா என்ன எவனும் வுட்டதில்ல" என்றார் அப்பா. "இந்த எண்ணெய வர்சா வர்சம் அடிடா." அத்தை என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சிரித்தாள். அந்தக் கையில் இருந்தது கூடையின் வாசனையா, எண்ணெயின் வாசனையா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. என் கையிலும் அதுதான் இருந்தது.

திருவள்ளூரைத் தாண்டியதும் அத்தை என் தொடையில் தட்டினாள்.

"எந்திரி நைனா. நீ இந்தப் பக்கம் வந்து குந்து."

"எனக்கு?" என்று தங்கச்சி சிணுங்கினாள்.

"நீ எம் மடிக்கு வா. ஒங்க அண்ணன் பஸ்ல போசொல்ல ஜன்னலு வழியாதான் பாத்துகினு போவான். அங்க குந்துனாதான் அவனுக்கு ஆவும்."

சொல்லிவிட்டு என் சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டாள். குரலில் எதுவும் இல்லை. பட்டாணிப் பொட்டலத்தைப் பையில் போடும்போது இருக்கும் அதே குரல்.

நான் இடம் மாறி உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் ஒன்று தோன்றியது. நானும் அத்தையும் ஒன்றாகப் பேருந்தில் போனதே கிடையாது. நான் பேருந்தில் எந்தப் பக்கம் உட்காருவேன், எதைப் பார்த்துக்கொண்டு போவேன் என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அம்மாவுக்கே தெரியாதே. கேட்டுவிடலாம் என்று திரும்பினேன். அத்தை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கச்சியின் தலைக்கு மேலே அவள் கண்கள் கொஞ்சமும் நகராமல் என்மேல் இருந்தன. கேட்பதற்கு வாயைத் திறந்தேன்.

அதற்குள் அப்பா முன்னாலிருந்து கையை நீட்டி, "அதோ பார்ரா, மலை" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.